கோயிலும் அறிவியலும்: ரெயூனியன் தீவுத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேந்த்-ஆந்த்ரே ஊரில் ஒரு பள்ளியில் பௌதிகமும் வேதியியலும் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. பள்ளியில் கோயிலைப் பற்றிக் கேட்கிறார்கள். கோயிலில் அறிவியலைப் பற்றிக் கேட்கிறார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த, இங்கே மல்பார் என்று அழைக்கப்படும் குடும்பங்களும் சரி, காரைக்கால், புதுச்சேரிப் பக்கமிருந்து பின்னால் வந்த என்னைப் போன்றவர்களும் சரி, கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் கேட்டவை. தமிழில் எழுதும்போது கேட்டவர் பேச்சு கூடிய வரை மாறாமல் பார்த்துக்கொண்டேன்.

அறிவியல் படித்தால் சாமி நம்பிக்கை போய்விடும் என்கிறார்களே, உண்மையா டீச்சர்?

சிலருக்குப் போகிறது, சிலருக்குப் போவதில்லை. இராமானுஜன் தன் கணிதச் சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயார் தருவதாகச் சொன்னார். நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்டு 1983இல் நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகரும் தமிழ்க் குடும்பத்தவர்தான். அவர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் கணக்குப் போட்டுக் காட்டிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

இதில் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று. தாயார் கனவில் சொன்னாள் என்பதற்காக இராமானுஜனின் சூத்திரத்தைக் கேம்பிரிட்ஜில் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே அவரை வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி நிரூபணம் கேட்டார். லெமேத்ரும் தன் கணக்கைப் பைபிளுக்குச் சான்றாகக் காட்டுவதை விரும்பவில்லை. யோசனை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். சோதனை எல்லாருக்கும் ஒன்றுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அக்கா. கடவுள் இல்லை என்று அறிவியல் நிரூபித்துவிட்டதா, இல்லையா?

இல்லை. அளந்து பார்க்கவோ, தவறென்று காட்டவோ வழியுள்ள பேச்சைத்தான் அறிவியல் கையில் எடுக்கும். எல்லாவற்றுக்கும் ஆதாரமாக ஒரு பரம்பொருள் உண்டு என்பதை எந்தக் கருவியை வைத்துச் சோதிப்பது? ஆனால் 'இந்தத் தாயத்தைக் கட்டினால் சர்க்கரை இறங்கும்' என்பது சோதிக்கக்கூடிய பேச்சு. சாமி பெயரைச் சொல்லி வந்தாலும் அதைச் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த ஒரு வேறுபாட்டில் நிற்பவைதான்.

அறிவியலும் ஒரு நம்பிக்கைதானே? எலெக்ட்ரானை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

பார்த்ததில்லை. ஆனால் மின்புலத்தில் அது எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம், பிறகு அளந்து சரிபார்க்கலாம். கணக்கு தப்பினால் கணக்கைத்தான் மாற்ற வேண்டும். எவ்வளவு பெரியவர் சொன்னதாக இருந்தாலும் சரி. புத்தகத்தில் படிப்பதில் பெரும்பகுதியை நானும் நம்பித்தான் ஏற்கிறேன். ஆனால் சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கக் கதவு இருக்கிறது.

அம்மனிடம் வைக்கும் பக்தி அந்த வகை இல்லை. வேண்டியது கிடைக்காமல் போனாலும் அடுத்த ஆண்டும் காவடி எடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். தப்பென்று தெரிந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொள்வது அறிவியலில் குற்றம். கேட்டது கிடைக்காமலும் விடாமல் பற்றிக்கொள்வது பக்தியில் பெருமை. இரண்டையும் 'நம்பிக்கை' என்ற ஒரே பெயரால் கூப்பிடுவதால் வரும் குழப்பம் நிறைய.

தீ மிதிக்கும்போது கால் ஏன் வேகவில்லை? பாண்டியாலே (பாஞ்சாலி) அம்மன் முந்தானை விரிக்கிறாள் என்று பாட்டி சொல்கிறாள்.

இந்தத் தீவில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தணலின் மேற்பரப்பு 600 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரிலும் தீமிதி உண்டு. அங்கே 677 டிகிரி அளந்திருக்கிறார்கள். இருந்தும் பெரும்பாலோர் பாதம் வேகாமல் கடந்துவிடுகிறார்கள். காரணம் கரியின் குணம். கரி லேசானது, வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். பாதம் பட்ட கணத்தில் கரியின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் வெப்பம் மேலே வந்து சேர்வதற்குள் காலை எடுத்துவிடுகிறோம். மேலே படிந்த சாம்பலும் கொஞ்சம் தடுக்கிறது. அதே சூட்டில் ஓர் இரும்புத் தகட்டை மிதித்தால் ஓரடியிலேயே தோல் உரிந்துவிடும்.

குழி தயாராவதைக் கிட்டே நின்று பார்த்தால் பெரியவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கமாகவே தெரியும் என்பது புரியும். நீளக் கழியால் தணலைத் தட்டித் தட்டிச் சமமாக்குவார்கள். முழுதும் எரியாத கட்டை, கல், ஆணி கண்ணில் பட்டால் வெளியே தள்ளுவார்கள். கொழுந்து அடங்கும் வரை யாரையும் இறங்க விடமாட்டார்கள். கடைசியில் பால் ஊற்றிய பள்ளம் இருக்கும். விரலிடுக்கில் ஒட்டிய தணல் அங்கே அணைந்துவிடும்.

பாட்டியோடு நான் இதற்காக வாதாட மாட்டேன். அவர் சொல்வது தீயில் இறங்கிய பாஞ்சாலியின் கதை. அதைப் பௌதிகப் பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. குழியின் முன் நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது கொடுக்கும் தைரியத்தைப் பௌதிகம் கொடுக்காது.

அப்படியென்றால் விரதமே வேண்டாமே! யார் வேண்டுமானாலும் மிதிக்கலாமா?

கால் வேகாமல் இருக்க விரதம் தேவையில்லை. எந்தச் சாமியையும் கும்பிடாதவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தன்னம்பிக்கைப் பயிற்சி என்று மிதிக்கிறார்கள். பதினெட்டு நாள் கரேம் (விரதத்துக்கு இங்கே அதுதான் பெயர்) சுத்தமாக இருந்தவருக்கும் சில சமயம் சூடு படுகிறது. உடனே 'விரதத்தில் ஏதோ குறை' என்று காதோடு காதாகப் பேசுவார்கள். இந்தப் பேச்சை நாம் அடியோடு நிறுத்தியாக வேண்டும். பாதம் கொப்பளித்த ஒரு பெண், ஊர் என்ன சொல்லுமோ என்று மருத்துவரிடமே போகாமல் வீட்டுக்குள் கிடந்தது எனக்குத் தெரியும். தணல் எந்த இடத்தில் கனமாக இருந்தது, கால் எவ்வளவு அழுந்தியது என்பதுதான் அங்கே காரணம். அவள் ஒழுக்கம் இல்லை.

சரி, அப்புறம் விரதம் எதற்கு? இதற்கும் ஆய்வாளர்கள் ஒரு பக்கத்திலிருந்து பதில் தேடியிருக்கிறார்கள். மேலே சொன்ன ஸ்பெயின் ஊரில் மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பு அளக்கும் பட்டை கட்டினார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. மிதிப்பவரின் துடிப்பும், அசையாமல் நின்று பார்த்த அவர் உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கின. வேடிக்கை பார்க்க வந்த வெளியூராருக்கு அப்படி நடக்கவில்லை. மொரீஷியஸில் தைப்பூசக் காவடி எடுப்பவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது: அலகு அதிகம் குத்திக்கொண்டவர்களுக்கு உடலில் நீடித்த கேடு தெரியவில்லை, மனநலம் மேம்பட்டதாக அவர்களே சொன்னார்கள். நோயும் கஷ்டமும் அதிகம் உள்ளவர்களே அதிகம் குத்திக்கொண்டார்கள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. விரதமும் நேர்த்தியும் வேலை செய்யும் இடம் பாதம் இல்லை, மனமும் குடும்பமும்தான்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. கரேம் இருந்து தீ மிதிக்கலாமா அம்மா?

முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுப்பதற்கு முன்பே. நம் தீவில் சர்க்கரை நோய் பிரான்சின் மற்ற இடங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை, எந்த மருத்துவரும் கேட்டு அதிசயப்படமாட்டார். இன்சுலினையோ மாத்திரையையோ 'விரத நாளில் வேண்டாம்' என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. உணவு குறையும்போது மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

தீக்குழியில் இன்னொரு ஆபத்து உண்டு. பல ஆண்டு சர்க்கரை இருந்தால் பாதத்தின் நரம்பு மங்கிப்போகும். சுடுவது தெரியாது. தெரியாததை அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். புண் சில நாள் கழித்துத்தான் கண்ணில் படும், ஆறவும் ஆறாது. மருத்துவர் வேண்டாம் என்றால் பால்குடம் எடுங்கள், கரகத்தோடு நடந்து வாருங்கள். பூசாரியிடம் கேட்டால் மாற்று நேர்த்தி சொல்லுவார்.

காய்ச்சல், அம்மை எல்லாம் மாரியம்மன் கோபம்தானே? ஊசி போட்டுக்கொண்டால் தெய்வக் குற்றமா?

குற்றமே இல்லை. பெரியம்மைக்கு மருந்து இல்லாத காலத்தில் நம்மவர்கள் அவளிடம் ஓடினார்கள். வேறு எங்கே ஓடுவது? நோயாளியைத் தனியே படுக்க வைத்தார்கள், வேப்பிலை கட்டி ஊராரை வாசலிலேயே நிறுத்தினார்கள், கூழ் கொடுத்தார்கள். தொற்று நோய்க்குத் தனிமைப்படுத்துவது நல்ல வழி. ஆனால் பெரியம்மையை உலகத்தைவிட்டே ஒழித்தது தடுப்பூசி. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. அதற்குப் பிறகும் மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறையவில்லை.

2005, 2006இல் நம் தீவில் மூன்றில் ஒருவருக்கு மேல் சிக்குன்குன்யா வந்தது. அதைப் பரப்பியது புலிக்கொசு. பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் தண்ணீரைக் கொட்டினால் கொசு குறையும். கோயிலில் தீர்த்தம் வைக்கும் செம்பு, வாசல் குடம் எல்லாம் இதில் சேர்த்திதான், வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்து வையுங்கள். 2025இல் நோய் திரும்ப வந்தபோது தடுப்பூசி இருந்தது. ஆனால் முதியவர் சிலருக்குக் கடுமையான பக்கவிளைவு தெரிந்ததும், ஏப்ரல் மாதம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போடுவதை நிறுத்தினார்கள். 'பார்த்தாயா, டாக்டர்களுக்கே தெரியவில்லை' என்று என்னிடம் சொன்னார்கள். நான் அதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். தீங்கு தெரிந்ததும் மறைக்காமல் நிறுத்தியதால்தான் மற்ற ஊசிகளை நான் நம்புகிறேன்.

வேண்டிக்கொண்டால் நோய் குணமாகுமா, ஆகாதா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் சிலருக்காக ஜெபித்தார்கள், சிலருக்காக ஜெபிக்கவில்லை. 2006இல் முடிவு வந்தது: குணமாவதில் வித்தியாசம் இல்லை. தனக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த கூட்டத்துக்குச் சிக்கல் சற்று அதிகமாகவே இருந்தது.

அது முகம் தெரியாதவரின் ஜெபம். மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து மகள் சொல்லும் கந்தசஷ்டி கவசத்தை அந்த ஆய்வு அளக்கவில்லை. நோயாளி தனியாக இல்லை என்று தெரிந்துகொள்வது பெரிய விஷயம். வேண்டுங்கள், மருந்தையும் வேளை தவறாமல் கொடுங்கள்.

சேந்த்-ரோஸ் மாதா கோயில் வாசலில் எரிமலைக் குழம்பு நின்றதே! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

1977 ஏப்ரலில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை, வழக்கமாகக் குழம்பு ஓடும் பள்ளத்துக்கு வெளியே வாயைத் திறந்தது. குழம்பு பித்தோன்-சேந்த்-ரோஸ் ஊருக்குள் இறங்கியது. ஊரைக் காலி செய்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை, பல வீடுகள் போயின. தேவாலயத்தின் முன் வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. நுழைவாயிலில் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. இப்போதும் போய்ப் பார்க்கலாம்: கருத்த பாறை சுவரை அணைத்தபடி உறைந்திருக்கிறது. அதன் பிறகுதான் குழம்பு மாதா கோயில் என்ற பெயர் வந்தது. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன, நானும் ஏற்றியிருக்கிறேன்.

பௌதிகத்தில் இதற்கு இடம் உண்டு. அங்கே ஓடிய கரடுமுரடான குழம்பு, ஓட ஓட ஓரத்திலும் முகப்பிலும் ஆறி இறுகும். இறுகிய முகப்பு தடுக்கும், தரையின் சிறு மேடும் திசையை மாற்றும். உறுதியான ஒரு கட்டடத்தைச் சுற்றிப் போவது அதிசயம் இல்லை. அதே குழம்பில் வீடிழந்த குடும்பங்களும் பக்தி உள்ளவர்கள்தான். 'மாதா கோயிலைக் காத்தாள்' என்று சொல்லும்போது அவர்கள் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துக்கொள்வேன். தப்பித்ததற்கு நன்றி சொல்வது வேறு, தப்பிக்காதவரைக் குறை சொல்வதுபோல் பேசுவது வேறு. அந்த வெடிப்புக்குப் பின்தான் பூர்-முராவில் எரிமலை ஆய்வகம் வந்தது. இன்று நில அதிர்வு கூடும்போதே நமக்கு எச்சரிக்கை வருகிறது.

பிள்ளையார் பால் குடித்தாரே, அதுவும் பொய்யா?

1995 செப்டம்பர் 21. கரண்டி விளிம்பில் நிரம்பிய பால் கல்லையோ உலோகத்தையோ தொட்டதும், பரப்பு இழுவிசையால் மெல்லிய படலமாகச் சிலை மேல் வழிந்து இறங்கும். வெள்ளைச் சிலையில் அது கண்ணுக்குத் தெரியாது. இந்திய அறிவியலாளர்கள் பாலில் நிறம் கலந்து ஊட்டிக் காட்டியதும் வழிவது தெரிந்தது. ஊட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்கள்.

கிரகணத்தில் கர்ப்பிணிகள் வெளியே வரலாமா? சமைத்ததைக் கொட்ட வேண்டுமா?

வரலாம். கொட்ட வேண்டாம். நிழல் விழுவதால் சோறும் கெடாது, கருவும் கெடாது. 2016 செப்டம்பர் 1 அன்று நம் தீவின் தெற்கில் கங்கண கிரகணம் தெரிந்தபோது சேன்-பியேர் பக்கம் ஊரே வெளியே நின்று பார்த்தது. சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது மட்டும் உண்மையான ஆபத்து; அது எல்லாருக்கும் பொது. ராகு கேது விழுங்குவதில்லை, பூமியின் நிழலும் சந்திரனும்தான் என்று ஆரியபடர் 499இலேயே எழுதிவிட்டார். குளித்துவிட்டுச் சாமி கும்பிட்டுச் சமைக்க விரும்பினால் செய்யுங்கள், பயத்தினால் வேண்டாம்.

நம் பஞ்சாங்கம் இந்தியாவுக்கு எழுதியது. இங்கே பொங்கல் கோடையில் வருகிறதே, உத்தராயணம் நமக்குப் பொருந்துமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது பூமி முழுவதற்கும் ஒரே கணம்தான். ஆனால் வடக்கே அது வெயில் வளரும் காலம், நமக்கு வெயில் குறையும் காலம். இன்னொன்று: சூரியன் உண்மையில் திரும்புவது டிசம்பர் 21, 22இல். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை விலகிக்கொண்டே வந்து, மகர சங்கராந்தி ஜனவரி நடுவுக்கு நகர்ந்துவிட்டது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன.

ஆனால் நம் தீவுக்கு மட்டும் ஓர் அழகு இருக்கிறது. நாம் இருப்பது தெற்கே 21 பாகையில். பொங்கலை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாளில் முற்றத்தில் ஒரு கழியைச் செங்குத்தாக நட்டு, பகல் 12.27 வாக்கில் பாருங்கள். நிழல் கழியின் அடியிலேயே ஒடுங்கிவிடும். தமிழ் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் செய்கிறோம், பொங்கல் பானை பக்கத்திலேயே. சூரியனுக்கு நன்றி சொல்ல இதைவிடப் பொருத்தமான நாள் தமிழ்நாட்டுக்குக்கூட அன்று வாய்ப்பதில்லை.

திதியைப் பொறுத்தவரை: அது முடியும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்று, நம் கடிகாரம் இந்தியாவைவிட ஒன்றரை மணி பின்னால். சூரிய உதயமும் வேறு. சென்னைப் பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்தை அப்படியே எடுத்தால் நாளே தப்பலாம். நம் ஊர் உதயத்துக்குக் கணித்ததைப் பாருங்கள்.

நாள் கணிப்பது சரி. சாதகம்? கிரகம் நம் வாழ்க்கையை ஆட்டுவிக்கிறதா?

பஞ்சாங்கத்தின் வானியல் கணக்கு சரிபார்க்கக்கூடியது, பார்த்தால் பொருந்துகிறது. பலன் சொல்வதும் சரிபார்க்கக்கூடியதே, பார்த்தால் பொருந்தவில்லை. புனேயில் ஜயந்த் நார்லிகர் குழுவினர் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் சாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் சாதகங்களையும் கலந்து, சோதிடர்களிடம் பிரிக்கச் சொன்னார்கள். பதில் அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். நாணயம் சுண்டிப் போட்டாலும் பாதி சரியாகும். பொருத்தமில்லை என்று நல்ல சம்பந்தத்தைத் தள்ளும் வீடுகளில் இதை நான் சத்தமாகவே சொல்கிறேன்.

பள்ளியில் பரிணாமம் சொல்லித்தருகிறார்கள். தசாவதாரத்தில் அது முன்பே இருக்கிறது என்று மாமா சொல்கிறாரே?

மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று வரிசையைப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் பரிணாமம் படிக்கட்டு இல்லை, கிளை விட்டுப் பிரிவது. ஆமை பன்றியாகவில்லை. விஷ்ணு வந்தது உயிரினங்களை விளக்க அல்ல, அடியாரைக் காக்க. அவதாரக் கதையை உயிரியல் ஆக்கினால் உயிரியலும் தப்பு, கதையின் உயிரும் போய்விடும்.

பரிணாமத்தைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். நம் காட்டில் திரியும் ஸ்வாஸோ-பிளான் என்ற சின்னப் பறவை, இவ்வளவு சிறிய தீவுக்குள்ளேயே பல நிற வகையாகப் பிரிந்திருக்கிறது. இன்னும் கிட்டே வேண்டுமா? மேலே சொன்ன 2005 சிக்குன்குன்யாவில், வைரஸின் வெளிப்புரதத்தில் 226ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது. அந்த மாற்றத்தால் புலிக்கொசுவின் உடலில் அது முன்பைவிட நன்றாகப் பெருகியது. சில மாதங்களில் அந்த வகைதான் தீவு முழுக்க. இயற்கைத் தேர்வு நம் வீட்டு முற்றத்தில் நடந்தது.

செர்ன் ஆய்வுக்கூடத்திலேயே நடராஜர் சிலை வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு அது போதாதா?

போதாது. செர்ன் என்பது ஜெனீவா பக்கத்தில் அணுத்துகள்களை ஆராயும் கூடம். அந்தச் சிலை 2004இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. ஆக்கலும் அழித்தலும் ஓயாத ஆட்டம் என்பதற்கு அதைவிட நல்ல உருவம் கிடையாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சிலையிலிருந்து ஒரு துகளின் நிறையைக்கூடக் கணக்கிட முடியாது. கௌரவர் நூறு பேரும் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று 2019 இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலேயே பேசினார்கள். கேட்டு வேதனைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. முன்னோரைப் பெருமைப்படுத்த உண்மையே ஏராளம்: பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்ற ஆரியபடர், மூக்கை ஒட்டவைத்த சுசுருதர் மரபு, முடிவிலாத் தொடர்களைக் கண்ட கேரளத்து மாதவர். பொய்ப் பெருமையை இவர்களோடு கலந்தால் பிள்ளைகள் இவர்களையும் நம்பமாட்டார்கள்.

ஆடு, கோழி பலி கொடுப்பது அறிவியல்படி தவறா?

விலங்குக்கு வலிக்கும், பயம் உண்டு என்பதை அறிவியல் காட்டும். அதற்கு மேல் 'ஆகவே கூடாது' என்றோ 'பரவாயில்லை' என்றோ அது சொல்லாது. சில கோயில்கள் நிறுத்திவிட்டன, தோட்டத்துக் கோயில்களில் நடக்கிறது. எனக்கு நிறுத்துவதே விருப்பம். ஆனால் அதை அறிவியலின் தீர்ப்பாக நான் சொல்லக் கூடாது. அது என் மனம் சொல்வது.

புயல் எச்சரிக்கை வந்தால் திருவிழாத் தேதியை மாற்றலாமா? அம்மன் காப்பாற்றமாட்டாளா?

மாற்றுங்கள். பெலால் புயல் 2024 ஜனவரி 15 அன்று, பொங்கலன்றே வந்தது. ஊதா எச்சரிக்கை, மீட்புப் பணியாளர்கள்கூட வெளியே வரக்கூடாத நிலை. அன்று எல்லாரும் வீட்டுக்குள்ளேயே பொங்கல் வைத்தோம். எந்தத் தோஷமும் வரவில்லை. கொடி ஏற்றிய பிறகு எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று கோயில் நிர்வாகம் முன்கூட்டியே பூசாரியோடு பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நெருக்கடியில் முடிவெடுத்தால் யாராவது ஒருவர் 'சாமி பார்த்துக்கொள்ளும்' என்பார், மற்றவர்கள் மறுக்கத் தயங்குவார்கள்.

எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிவிட்டு நீங்களே தைப்பூசத்தில் காவடி எடுக்கிறீர்களே, எப்படி?

விளக்கம் தெரிந்ததால் எடுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. காவடி எடுத்தால் இன்னது கிடைக்கும் என்று நான் எடுப்பதில்லை. பத்து நாள் வாயைக் கட்டி, கோபத்தை அடக்கி, அதிகாலையில் ஆற்றங்கரையில் என் பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் காவடிக்குப் பூக் கட்டிக் கொடுக்கும்போது முருகன் எனக்குப் பக்கத்தில் இருக்கிறான். இதை நிரூபிக்க நான் முயன்றதில்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான்: இது சோதிக்கக்கூடிய பேச்சு இல்லை. ஆகவே யார்மீதும் இதை நான் திணிப்பதும் இல்லை.

என் மகனுக்குப் பதினாறு வயது. நம்பிக்கை இல்லை என்கிறான். அவன் குழந்தையாக இருந்தபோது அவன் பெயரில் தீமிதி வேண்டிக்கொண்டேன். கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். வேண்டிக்கொண்டது நீங்கள், அந்தக் கடன் உங்களுடையது. நீங்களே மிதித்தோ, வேறு வகையில் செலுத்தியோ முடித்துக்கொள்ளலாம். பூசாரிகள் பலரும் இதையே சொல்கிறார்கள். மனமில்லாமல் குழியில் இறங்குபவன் பயந்து ஓடுவான், தடுமாறுவான். ஓடும்போது விரல் தணலுக்குள் புதையும், அங்கேதான் சூடு படும்.

அவனோடு வாதாடுவதற்கு முன் அவன் எதை நம்பவில்லை என்று கேளுங்கள். என் வகுப்பில் இப்படிச் சொன்ன பிள்ளைகளில் பலருக்கு அம்மன்மேல் கோபமே இல்லை. 'சயின்ஸே ஒத்துக்கொண்டது' என்று பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பொய்கள்மேல்தான் கோபம். அந்தப் பொய்களை நீங்களும் நம்பவில்லை என்று அவனுக்குத் தெரியட்டும். அப்புறம், திருவிழா அன்று விறகு அடுக்கவும் அன்னதானத்துக்கு வாழை இலை கழுவவும் ஆள் எப்போதும் பற்றாது. வருகிறாயா என்று கேளுங்கள். வரமாட்டேன் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.